கிழமை வேறானாலும் ஓய்வுநாளை உண்மையாய் ஆசரிப்பது எப்படி?

ஒரே குடும்பத்திலும் ஒரே அலுவலகத்திலும் ஒரே ஜெபக்குழுவிலும் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் சேர்ந்திருப்பது இன்று புதுமையல்ல. அவர்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை சூரியன் மறையும் வரை ஓய்வுநாளை ஆசரிக்கிறார். இன்னொருவருக்கு இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறே ஆண்டவருடைய நாள். மூன்றாமவர் எல்லா நாட்களும் கடவுளுடையவையே என்று சொல்லி எந்தக் கிழமையையும் தனியே பிரிப்பதில்லை. இவற்றில் எது சரி என்ற விவாதத்தைத் தீர்த்துவைக்க இங்கே முயலவில்லை. தாம் ஏற்றுக்கொண்ட நாளை ஒருவர் எப்படி உண்மையாய் ஆசரிக்கலாம், வேறு விதமாய் ஆசரிப்பவரோடு எப்படி நேர்மையாய்ச் சேர்ந்து வாழலாம் என்பதை மட்டும் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்குமுன் கட்டளையை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுங்கள். அது வேதாகமத்தில் இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு காரணங்களோடு வருகிறது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரமோ, எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. காரணங்கள் வேறுபட்டாலும் யார் யாருக்கு ஓய்வு என்ற பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகஜீவன்கள், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். உபாகமம் ஒரு படி மேலே போய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஒருவரின் ஆசரிப்பு உண்மையானதா என்று பார்க்க, என் அறிவுக்கு எட்டிய வரையில், இதைவிட நல்ல சோதனை இல்லை. என் ஓய்வுக்காக இன்று யார் உழைக்கிறார் என்ற கேள்வியைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறோம்.

முதலில் உங்கள் நிலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் தாம் பிறந்து வளர்ந்த சபையின் கிழமையையே ஆசரிக்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஆசரிப்பு முதல் நெருக்கடியிலேயே தளர்ந்துபோகும். அல்லது முதல் வாக்குவாதத்திலேயே கோபமாக வெடிக்கும். ஆகவே ஒரு தாளில் சில வரிகள் எழுதிவைப்பது பயனுள்ளது: எந்த நாளை ஆசரிக்கிறேன், எந்த வேதப்பகுதியை நம்பி ஆசரிக்கிறேன், அந்த நாளில் எதை விட்டுவிடுகிறேன், எதைச் செய்கிறேன். இதை எழுத ஒரு மாலைப்பொழுது போதும். எழுத முடியாமல் திணறினால், உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதாவது தெரிந்துவிடும்.

பரவலாகக் காணப்படும் நிலைப்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம் நாளாகிய சனிக்கிழமை மாற்றப்படவே இல்லை என்று நம்புகிறவர்கள் ஒரு பகுதியினர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய ஏழாம் நாள் பாப்டிஸ்டுகளும், 1863-ல் அமெரிக்காவில் சபையாக அமைந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும், 1917-ல் சீனாவில் தொடங்கிய உண்மை இயேசு சபையினரும் இவ்வகையினர். கட்டளை அப்படியே நிற்கிறது, நாள் மட்டும் ஞாயிற்றுக்கு மாறியது என்பவர்கள் இன்னொரு பகுதியினர். 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையைப் பின்பற்றும் பிரெஸ்பிட்டேரியன் மரபு இதற்கு நல்ல உதாரணம். ஞாயிறு பழைய ஓய்வுநாளின் நேரடி மாற்று அல்ல, மக்கள் கூடிவரும் நாள் எது என்று தெரிய வேண்டுமென்பதற்காகச் சபை ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு என்று 1530-ல் வெளியான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை சொல்கிறது. லூத்தரன் சபையினரின் அடிப்படை அதுவே. கத்தோலிக்கத் திருச்சபை, ஓய்வுநாளின் பொருள் உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றில் நிறைவேறுகிறது என்று கற்பித்து, திருப்பலியில் பங்கேற்பதைக் கடமையாக வைத்திருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையோ இரண்டு நாட்களையும் மதிக்கிறது. நீண்ட உட்பூசலுக்குப் பிறகு, 1450-ல் பேரரசர் ஸர்ஆ யாக்கோபின் காலத்தில் கூடிய சங்கத்தில் அது முடிவானது.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு தேவைப்படுகிறது, ஏனென்றால் இரு பக்கத்தாரும் பாதி உண்மையோடு வாதாடுவதைப் பலமுறை கேட்க நேர்கிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் 321-ல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தது உண்மை; நகரத்து நீதிபதிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் ஓய்வு கொடுத்த அந்த ஆணை, விவசாயிகளை மட்டும் வேலை செய்ய அனுமதித்தது. ஆனால் ஞாயிறு ஆராதனையே அவரால்தான் வந்தது என்பது சரியல்ல. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி வேதம் வாசித்து அப்பம் பகிர்ந்ததை ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி எழுதிவைத்திருக்கிறார். மறுபக்கம், அப்போஸ்தலர் காலத்தோடு சனிக்கிழமை ஆசரிப்பு முடிந்துவிட்டது என்பதும் சரியல்ல. 4-ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமையில் வேலையை நிறுத்தி ஓய்ந்திருக்கக் கூடாது என்று விதி போட்டது. ஒருவரும் செய்யாததைத் தடுக்க யாரும் விதி போடுவதில்லை. தமக்கு வசதியான உண்மையோடு கூடவே தமக்கு இடைஞ்சலான உண்மையையும் தெரிந்து வைத்திருப்பவர், பிறருடன் பேசும்போது தானாகவே குரல் தாழ்த்துவார்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓய்வுநாள் கட்டளையைக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் மூன்றாம் கட்டளை என்று எண்ணுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையினரும் மற்றப் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபையினரும் நான்காம் கட்டளை என்கிறார்கள். உங்கள் நண்பர் வேறு எண்ணைச் சொன்னால் அவருக்கு வேதம் தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

நாள் எப்போது தொடங்குகிறது

சனிக்கிழமை ஆசரிப்பவர்கள் மாலை தொடங்கி மாலை வரை என்ற வேத வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். எருசலேமின் வாசல்களில் மாலை மயங்கும்போதே, ஓய்வுநாளுக்கு முன்னதாக, கதவுகளைப் பூட்டச் சொன்ன யூதேயாவின் ஆளுநர் நெகேமியாவின் செயல் இதற்குத் தெளிவான சான்று. ஆனாலும் அட்வென்டிஸ்டு முன்னோடிகள் தொடக்க ஆண்டுகளில் மாலை 6 மணியையே எல்லையாக வைத்திருந்தார்கள். 1855-ல் வேதத்தை மறுபடி ஆராய்ந்த பிறகே சூரிய அஸ்தமனத்துக்கு மாறினார்கள். ஞாயிறு ஆசரிப்பவர்களில் பலர் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு ஞாயிறு சனிக்கிழமை மாலை ஜெபத்திலேயே தொடங்கிவிடுகிறது. கத்தோலிக்கர் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும்.

உலகின் சில இடங்களில் கிழமையே சிக்கலாகிவிடுகிறது. ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் எல்லையாக வகுத்த சர்வதேச தேதிக் கோடு வளைந்து செல்லும் பசிபிக் தீவு நாடான டோங்காவில், நாட்காட்டி ஞாயிறு என்று காட்டும் நாளையே அட்வென்டிஸ்டுகள் ஏழாம் நாளாக ஆசரிக்கிறார்கள். சமோவா நாடு 2011-ல் டிசம்பர் 30-ஆம் தேதியையே விட்டுவிட்டுக் கோட்டின் மறுபக்கம் தாண்டியபோது, இனி எது ஏழாம் நாள் என்ற கேள்வி அங்குள்ள அட்வென்டிஸ்டுகளிடையே பிளவையே உண்டாக்கியது. கிழமை என்பது மனிதர் போட்ட கோட்டையும் சார்ந்திருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பது, நாளைப் பற்றிய உறுதியைக் குலைக்க வேண்டியதில்லை. பிறரைத் தீர்ப்பிடும் வேகத்தைக் குறைத்தால் போதும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. உங்கள் தொடக்க நேரத்தை முடிவு செய்து, அதற்கு அரை மணி நேரம் முன்பே வேலைகள் முடியுமாறு திட்டமிடுங்கள். சூரிய அஸ்தமனத்தைப் பின்பற்றுபவர்கள் அந்த வாரத்து நேரத்தை முன்கூட்டியே பார்த்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதிவைக்கட்டும். பருவத்துக்குப் பருவம் அது மாறிக்கொண்டே இருக்கும், பழக்கத்தை நம்பினால் தவறிவிடும்.

ஆயத்தம்: ஓய்வுநாளின் பாதி முந்தின நாளில் இருக்கிறது

வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு வானத்திலிருந்து பெய்தபோது, ஆறாம் நாளில் இரண்டு மடங்காகச் சேர்த்துக்கொள்ளும்படி இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது. சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்படுவதற்கு முன்பே நடந்தது இது. ஆகவே ஆயத்தம் என்பது பிற்காலத்தில் சேர்ந்த சடங்கு என்று தள்ளிவிட முடியாது. சனிக்கிழமை ஆசரிப்பவர்கள் வெள்ளிக்கிழமையை ஆயத்த நாள் என்றே அழைக்கிறார்கள். ஞாயிறு ஆசரிப்பவர்களிடம் இந்தப் பழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. என் கருத்தில், அவர்கள் சனிக்கிழமை ஆசரிப்பவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் அது இதுதான். ஞாயிறு காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பொத்தானைத் தேடி, காணிக்கைக்குச் சில்லறை இல்லையென்று ஒருவரையொருவர் கடிந்துகொண்டு, முதல் பாட்டு முடிந்தபின் ஆலயத்துக்குள் நுழைகிற குடும்பம் அன்று எதிலிருந்து ஓய்ந்தது என்று சொல்வது கடினம்.

ஆயத்தத்தில் சமையல், துணி, வீட்டுச் சுத்தம், வாகனத்துக்கு எரிபொருள், மருந்து, கட்ட வேண்டிய கட்டணங்கள் எல்லாம் அடங்கும். இவற்றைவிட அதிகம் மறக்கப்படுவது முடிக்காத பேச்சுகள். பதில் எழுதாத கடிதம், சொல்லாமல் விட்ட மன்னிப்பு, யாருக்கோ திருப்பித் தர வேண்டிய பணம் ஆகியவை அடுப்பை அணைத்த பிறகும் மனத்தில் எரிந்துகொண்டிருக்கும். முந்தின நாள் பிற்பகலில் ஒரு கால் மணி நேரத்தை இவற்றுக்கென்றே ஒதுக்கி, முடிக்கக்கூடியவற்றை முடித்து, முடியாதவற்றை எந்த நாளில் எடுப்பது என்று குறித்து வைத்துவிடுங்கள். கைபேசியில் வேலை தொடர்பான அறிவிப்புகளை நிறுத்துவதும், அவசரமென்றால் எந்த எண்ணில் அழைக்கலாம் என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் இதே கால் மணி நேரத்தில் அடங்கும்.

இப்போது நம் கேள்வி வருகிறது: இந்த ஆயத்தத்தை யார் செய்கிறார்? கட்டளையின் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரி, மிருகஜீவன் வரை எல்லோரும் வருகிறார்கள். மனைவி தனியாகக் குறிப்பிடப்படவில்லை. நீ என்ற சொல்லிலேயே வீட்டின் தலைவனும் தலைவியும் அடங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். ஆனால் பல வீடுகளில் நடைமுறை வேறு. முந்தின நாள் முழுவதும் இரட்டை வேலை செய்து, மறுநாள் விருந்தினருக்குப் பரிமாறி, பாத்திரங்களையும் கழுவி ஓயும் ஒரு பெண்ணுக்கு அந்த வாரத்தில் ஓய்வுநாளே வரவில்லை. ஆகவே ஆயத்த வேலைகளை எழுதி, வீட்டிலுள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் போட்டுப் பிரியுங்கள். உணவை எளிமையாக்குங்கள், சூடாக்கினால் போதும் என்ற அளவில் இருந்தால் சிறப்பு. காலை உணவுப் பாத்திரங்களை எடுத்து வைக்கும் பொறுப்பை, வாரம் முழுவதும் அடுப்படிக்குப் போகாதவருக்கு அன்று கொடுக்கலாம்.

எதை விடுவது, எதைச் செய்வது

இதற்கு முழுமையான பட்டியல் தரும்படி பலர் கேட்பார்கள். பட்டியல் தருவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை; ஆனால் சபைகள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவரும் சில அளவுகோல்கள் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மரபு, அவசியமான வேலைகளுக்கும் இரக்கத்தின் வேலைகளுக்கும் மட்டும் இடம் கொடுக்கிறது. 1983-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ஆம் பிரிவு, வழிபாட்டையும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடலுக்கும் மனத்துக்கும் தேவையான இளைப்பாறுதலையும் தடுக்கும் வேலைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன: முதலாவது வேலையின் தன்மையைப் பார்க்கிறது, இரண்டாவது அந்த வேலை ஓய்வுநாளை என்ன செய்கிறது என்று பார்க்கிறது. சந்தேகம் வரும்போது இரண்டையும் சேர்த்துக் கேட்டுப்பாருங்கள்.

சுவிசேஷங்களில் இயேசு ஓய்வுநாளில் செய்தவற்றை வரிசையாக வாசித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியாய் இருந்த பெண்ணும், பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாக வியாதியாயிருந்த மனிதனும் அன்று மாலை வரை காத்திருந்தால் சாகப்போவதில்லை. ஆகவே உயிர் போகும் அவசரம் என்ற விதிவிலக்குக்குள் அந்தச் செயல்கள் அடங்கவில்லை. பாரம் இறங்குவதற்கு ஓய்வுநாளே ஏற்ற நாள் என்று அவர் கருதியதாகத்தான் அவற்றை வாசிக்க முடிகிறது. “மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது” என்ற அவருடைய வாக்கை, நாளையே தள்ளிவிடுவதற்குச் சாக்காக எடுப்பவர்களும் உண்டு. மனிதனுக்காக உண்டான ஒன்றை மனிதன் இழந்துவிடுவது ஆதாயமல்லவே. ஆகவே நோயாளியைப் பார்ப்பது, தனியாயிருக்கும் முதியவரோடு உட்கார்ந்து பேசுவது, நெடுநாளாய்ச் சோர்ந்திருக்கும் ஒருவருடைய வீட்டுப் பிள்ளைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டு அவருக்கு ஓய்வு கொடுப்பது ஆகியவை அந்த நாளின் நடுவில் வைக்கத் தகுந்தவை.

விட வேண்டியவற்றில் முதலில் வருவது சம்பாதிக்கும் வேலையும் வாங்கும் விற்கும் வேலையும். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியப் பண்டசாலையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்தார்; அவர்கள் வெளியே ஓய்வுநாளைக் கைக்கொண்டவர்களே. திரையில் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே, மாலையானதும் வாங்குவதற்குப் பொருட்களைக் கூடையில் சேர்த்துவைப்பவரின் நிலையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

நான் சமைக்கவில்லை, உணவகத்திலிருந்து வரவழைத்தேன் என்று சொல்பவரிடம் பட்டியலின் கடைசிப் பெயரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வெயிலில் வண்டியோட்டி வாசலில் வந்து நிற்கும் அந்த இளைஞன், வாசல்களில் இருக்கிற அந்நியனே. அவன் வேறு மதத்தவன், அவனுக்கு அன்று ஓய்வுநாள் இல்லை என்ற பதில் எடுபடாது. கட்டளை அந்நியனின் மதத்தைக் கேட்கவில்லை. எல்லாச் சேவையையும் தவிர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆலயத்துக்குப் போகப் பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் உழைக்கத்தான் செய்கிறார். தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதும், வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அந்த நாளைச் சம்பளத்தோடு விடுமுறையாகத் தருவதும் நம் கையில் இருக்கின்றன.

சபைப் பணியும் வேலையாகிவிடலாம் என்பதைச் சபைகள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. காலை ஆராதனை, ஞாயிறு பள்ளி, பாடகர் குழுப் பயிற்சி, கமிட்டிக் கூட்டம், மாலைக் கூட்டம் என்று விடிந்தது முதல் ஓடுகிற உறுப்பினர்கள் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனபிறகே மூச்சுவிடுகிறார்கள். கமிட்டிக் கூட்டங்களை வேறு நாளுக்கு மாற்றலாம். ஒலிபெருக்கிப் பொறுப்பையும் பிள்ளைகள் பொறுப்பையும் முறை வைத்துப் பகிரலாம். போதகர்களும் குருக்களும் அந்த நாளில் உழைக்கிறவர்கள் என்பதால், அவர்களுக்கு வாரத்தில் இன்னொரு முழு நாள் உண்டு என்று சபையே அறிவித்து, அந்த நாளில் அவர்களைத் தொலைபேசியில் அழைக்காமல் இருப்பது நியாயம்.

ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாட்கள்

கணவர் ஒரு சபை, மனைவி இன்னொரு சபை என்று இருக்கும் வீட்டில் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. இங்கே எதிரெதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, தன் நாளின் அமைதியை வீடு முழுவதன் மேலும் சட்டமாய்ச் சுமத்துவது. மற்றது, அடுத்தவரின் நாளைத் தன் மிச்ச வேலைகளுக்கான நாளாகப் பாவிப்பது. சனிக்கிழமை ஆசரிப்பவர் ஞாயிறு காலையில் சலவை இயந்திரத்தை ஓடவிட்டுச் சுவரில் துளை போடத் தொடங்கினால், அவருக்கு உரிமை உண்டென்றாலும் அன்பு இல்லை. இரைச்சலான வேலைகளுக்கு வார நாட்களில் ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவருடைய நாளில் அவருக்கு வேலை வராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவருக்கொருவர் ஏற்பது இதைவிடச் சிறந்தது: சனிக்கிழமை கணவர் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை மனைவி பார்த்துக்கொள்கிறார். இப்படிச் செய்யும் வீடுகளில் இரண்டு நாள் என்பது சுமையாகாமல் இருவருக்கும் ஒவ்வொரு முழு நாளைத் தருகிறது.

பிள்ளைகளை எந்த நாளுக்கு அழைத்துச் செல்வது என்பதைத் திருமணத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பேசாதவர்கள் இப்போதாவது பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். ஒருவர் மற்றவருடைய நாளைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் இளக்காரமாகப் பேசக் கூடாது என்ற ஒரே விதியை மட்டுமாவது விடாமல் காத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அந்த நாள் தடைகளின் நாளாக மட்டும் தெரிந்துவிடாதபடி, அன்று மட்டுமே கிடைக்கும் ஏதாவது ஒன்றை வையுங்கள்: பெற்றோரோடு நீண்ட நடை, அன்றைக்கென்று எடுத்து வைத்த கதைப்புத்தகம், தாத்தா பாட்டியின் வீடு. ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்று சொல்லும்படி ஏசாயாவின் 58-ஆம் அதிகாரம் கேட்பதைப் பெரியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் சரியாகவே கணித்துவிடுவார்கள்.

விருந்துக்கு அழைக்கும்போதும் பிற ஆலயத்துக்குப் போகும்போதும்

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்கும் உணவுக்குப் பிற சபை நண்பர்களை அழைப்பது அழகான பழக்கம். ஆனால் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்குப் புதனும் வெள்ளியும் பொதுவாக நோன்பு நாட்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் அன்று அவர்களுக்கு ஆகாது. கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி உண்பதில்லை. மறுபக்கம், ஞாயிறு மதிய விருந்துக்கு அட்வென்டிஸ்டு நண்பரை அழைத்தால், அவர்கள் பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பவர்கள், பலர் மரக்கறி உணவே உண்பவர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பால் சேர்க்காத மரக்கறி உணவு ஒன்று மேஜையில் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கை நீட்ட ஏதாவது இருக்கும். முந்தின நாளே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

பிற சபையின் ஆராதனைக்குப் போனால் நற்கருணை அல்லது திருவிருந்து விஷயத்தில் அந்தச் சபையின் ஒழுங்கை முன்பே கேட்டறியுங்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாகப் பிற சபையினர் நற்கருணை பெறுவதில்லை. அட்வென்டிஸ்டுகள் திருவிருந்தில் பிற கிறிஸ்தவரையும் ஏற்கிறார்கள். அதற்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவும் ஒழுங்கும் அவர்களிடம் உண்டு. கலந்துகொள்ள முடியாத இடத்தில் அமைதியாய் அமர்ந்திருப்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் நண்பரின் ஆராதனைக்கு ஒருமுறை போவதால் உங்கள் நாள் மாறிவிடாது; அவரும் அதை வெற்றியாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

நாளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று அங்கே சொல்லப்படுவது, அலட்சியத்துக்கு இடமளிக்காமலேயே பிறருக்கு இடமளிக்கிறது. சனிக்கிழமைக்காரர், நியாயப்பிரமாணத்துக்கு அடிமை, கட்டளையை மீறுகிறவர் போன்ற பட்டங்களைத் தவிருங்கள். அவர் கேட்காமல் துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். அவருடைய ஓய்வுநாளிலேயே அந்த விவாதத்தைத் தொடங்கி அவருடைய ஓய்வைக் கெடுப்பது இன்னும் மோசம்.

வேலையிடத்தில்

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் அதில் ஓட மறுத்ததும், பிறகு 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றதும் கிறிஸ்தவ மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அதில் அதிகம் சொல்லப்படாத பகுதி நமக்குப் பயன்படும்: கால அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அவரும் தம் முடிவை முன்பே தெரிவித்துவிட்டு அந்த மாதங்களில் வேறு தூரத்துக்குப் பயிற்சி எடுத்தார். கடைசி நிமிடத்தில் அணியைத் தவிக்கவிடவில்லை.

அப்படியே நீங்களும் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வர இயலாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அதற்கு ஈடாக எந்த நேரத்தில் வரத் தயார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சனிக்கிழமை விடுப்பு எடுப்பவர் ஞாயிறு முறையையும், கிறிஸ்தவரல்லாத சக ஊழியரின் பண்டிகை நாள் முறையையும் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டால் முணுமுணுப்பு பெரும்பாலும் எழாது. சட்டம் எவ்வளவு துணைநிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல், சனிக்கிழமை வேலைக்கு மறுத்ததால் பணியிழந்த ஓர் அட்வென்டிஸ்டுப் பெண்ணுக்கு வேலையில்லா உதவித்தொகையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2023-ல், ஞாயிறு வேலைக்கு மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், தன் நிறுவனத்துக்குக் கணிசமான கூடுதல் சுமை ஏற்படும் என்று முதலாளி காட்டினால்தான் இத்தகைய கோரிக்கையை மறுக்க முடியும் என்றது. அந்தத் தபால் ஊழியர் வராத ஞாயிறுகளில் அவர் பங்கைச் சக ஊழியர்கள் சுமந்தார்கள் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போதும் அந்தச் சக ஊழியர்களை நினைவில் வையுங்கள்.

செவிலியர், மருத்துவர், தீயணைப்புப் படையினர், மின்வாரியத்தார் போன்றோர் முறை வரும்போது வேலைக்குப் போகத்தான் வேண்டும். அவர்கள் குற்ற உணர்வோடு போக வேண்டியதில்லை; அதே வாரத்தில் இன்னொரு நாளின் சில மணி நேரத்தையாவது வேலையும் கைபேசியும் இல்லாமல் ஒதுக்கிக்கொள்வது அவர்களுக்குப் பலன் தரும். சனிக்கிழமை ஆசரிக்கும் பலர், மருத்துவமனையில் ஓய்வுநாளன்று ஈட்டிய சம்பளத்தை நற்காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டாயம் ஏதும் இல்லாத இந்தப் பழக்கத்தை மற்றவர்களும் எண்ணிப்பார்க்கலாம்.

பல சபைகள் சேர்ந்து நடத்தும் கூட்டங்களுக்கும் தியான முகாம்களுக்கும் திட்டமிடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். சனி காலையில் தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் முகாம் எல்லோருக்கும் வசதி என்று நினைத்துத் தேதி குறிக்கிறோம். உண்மையில் அது ஒரு பகுதியினரின் ஓய்வுநாளில் மேஜை நாற்காலி தூக்கவும், மற்றப் பகுதியினரின் ஓய்வுநாளில் பந்தலைப் பிரிக்கவும் ஆட்களைக் கேட்கிறது. வேலைகளை வியாழனிலும் திங்களிலும் வையுங்கள். அது முடியாவிட்டால், சனிக்கிழமை வேலைகளை ஞாயிறு ஆசரிப்பவர்களும் ஞாயிறு வேலைகளைச் சனிக்கிழமை ஆசரிப்பவர்களும் எடுத்துக்கொள்ளட்டும். சமையலுக்குக் கூலிக்கு அமர்த்தியவர்களுக்கு எந்த நாளில் ஓய்வு என்பதையும் அதே நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடுங்கள்.